நீலமாகத் தெரிந்த மூலை

மண்ணைத் தொடாமலே மண்ணை அளப்பது எங்கள் தொழில். மின்காந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடந்தால், களிமண்ணும் ஈரமும் எங்கே கூடுதல், சரளை எங்கே என்று அது படம் போட்டுக் கொடுத்துவிடும். வெயிலில் அதைச் சுமந்து தோள் கழன்ற சக பாவிகளுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

பெல்ட் இல்லாத இன்ஜினியர்

கருவிக்குப் பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. சாவி, போன், பெல்ட் எல்லாவற்றையும் வரப்பில் வைத்துவிட வேண்டும். நகரத்துக்கு வெளியே, ஆனேக்கல் பக்கம் ஒரு நிலம். அளக்கச் சொன்ன சொந்தக்காரர் நகரத்துக்குள், தொம்மலூரில் இருக்கிறார். குத்தகைக்கு எடுத்து ராகியும் அவரைக்காயும் போடுகிறவர் ரத்னம்மாக்கா. அடுகோடியிலிருந்து பஸ் மாறிப் போய் இறங்கிய எனக்கு மோர் கொடுத்தார். ஒரு கையில் கருவி, மறு கையில் பேன்ட் என்று நான் நடந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பேன்ட்டப் புடிச்சிக்கிட்டு நடக்கறதுக்கா சார் இன்ஜினியரிங் படிச்சீங்க?"

இரும்பு எங்கே?

படம் வந்தது. நிலம் முழுக்கச் சரளையைக் காட்டும் சிவப்பு; கிழக்கு மூலை மட்டும் களிமண்ணையும் ஈரத்தையும் காட்டும் கருநீலம். ஒரே இடத்தில் அளவு இப்படித் திடீரென்று எகிறினால், கீழே பழைய குழாயோ தகரமோ புதைந்திருக்கிறது என்றுதான் எங்கள் ஆட்களுக்கு முதலில் தோன்றும். திரும்பப் போய், "அக்கா, இங்க இரும்பு ஏதாவது பொதைச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். துளை போட்டுப் பார்த்தால் கருகருவென்று களிமண். கோடைக்குக் கோடை ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து வந்து கொட்டியிருக்கிறார்.

"இரும்பு எங்க சார் வந்துச்சு? அங்க பொதைஞ்சு கெடக்கறது என் இடுப்பெலும்பு."

தொம்மலூர் சோபாவில்

சொந்தக்காரரிடம் படத்தைக் காட்டி, அந்த மூலை ரத்னம்மாக்காவின் உழைப்பு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நீலத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சனி ஞாயிறு விவசாயம் பார்க்க ஆசைப்படும் ஐ.டி.க்காரர்களுக்குத் துண்டு போட்டு விற்கப் போகிறாராம். விளம்பரத்தில் இந்தப் படம்தான் வருமாம். குத்தகை இந்த அறுவடையோடு சரி. அது அவங்க சுமந்த மண்ணு சார் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"யார் சொமந்தா என்னப்பா, கொட்டினது என் நெலத்துலதானே?"

வேலிக்கு வெளியே

ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் படம் வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் என்னை மறுபடி அனுப்பினார்கள். வழக்கம்போல் பெல்ட்டைக் கழற்றினேன். நிலத்தைச் சுற்றிப் புதிதாக இரும்பு வேலி. அதன் ஓரம் போனாலே கருவி தாறுமாறாகக் காட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னம்மாக்கா. கட்டட வேலைக்குப் போகிறார் போல, கையில் டிபன் தூக்கு. பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு இரும்பு இருக்கான்னு கேட்டீங்களே சார், இப்ப இருக்கு, பாத்துக்குங்க."

மண்ணைத் தொடாமலே அளப்போம் என்று எங்கள் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறது. தொடாமலே பிடுங்கியும் கொடுப்போம் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடலாம்.