முப்பத்தெட்டாவது பிள்ளை

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆங்கில ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சீட்டு டீச்சர். சூதாட்டக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து, ஒரு சீட்டில் படம், இன்னொன்றில் அதன் ஆங்கிலச் சொல் என்று எழுதி, எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு ஜோடி சேர்க்கச் சொல்வார். சேர்த்தவர் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால்தான் சீட்டு சொந்தம். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு அந்த இரைச்சல் எட்டு வருஷத் தலைவலி. அவர் பிள்ளைகள் தப்போ சரியோ ஆங்கிலம் பேசினார்கள். என் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு.

இந்த வருஷம் அவர் வகுப்பில் முப்பத்தேழு பேர். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தால் ஒரு பிள்ளை மிஞ்சும். அதற்கு எதிரே டீச்சரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த இருபது நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்கணுமே! தோற்றால் உதட்டைப் பிதுக்கிச் சண்டைக்கு நிற்பார். வளர்த்த தங்கை கல்யாணமாகிப் போனபின் வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. வாரத்துக்கு ஒரு போன் வரும். எதிரே உட்கார்ந்து பேச அந்த மிஞ்சிய பிள்ளையை விட்டால் ஆளில்லை.

பாதி வருஷத்தில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு. எல்லாருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். "இப்பதான் பாக்க டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்று தலைமையாசிரியர் வேறு பாராட்டினார்.

என்ன அதிசயமோ, அந்த மாதம் ஒருத்தரும் லீவு போடவில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது யாராவது வராமல் இருக்க மாட்டார்களா என்று மனசு அடித்துக்கொள்ளுமாம். அவரே என்னிடம் சொன்னார்.

ஒரு நாள், வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் குட்டிப் பெண் வரவில்லை. டீச்சர் ஆசைதீர விளையாடினார். மறுநாளும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள், காய்ச்சல் என்று தெரிந்தது. டீச்சர் நேரே என்னிடம் வந்தார்.

"நான் நெனச்சதாலதான் சார். தனியாப் போக பயமா இருக்கு, கூட வாங்களேன்."

போனோம். வாயாடி தலையணையில் சாய்ந்திருந்தாள். போர்வை மேலேயே சீட்டைப் பரப்பி டீச்சரைத் தோற்கடித்தாள். பிறகு கேட்டாள்.

"வீட்ல யாரு கூட விளையாடுவீங்க டீச்சர்?"

"நானேதான். இந்தப் பக்கம் உக்காந்து ஒரு தடவ, அந்தப் பக்கம் போய் ஒரு தடவ."

"அப்ப தோக்கறது யாரு?"

டீச்சர் சீட்டுகளை அடுக்கி ரப்பர் போட்டார். "சீக்கிரம் வந்துடும்மா" என்றார்.

திங்கட்கிழமை வந்துவிட்டாள். மறுபடியும் முப்பத்தெட்டு. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் சீட்டு விளையாட்டு நடத்தும் நேரத்தில் எனக்கு வகுப்பில்லை. நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து போய், "எனக்கும் ரெண்டு வார்த்த கத்துக் குடுங்க டீச்சர்" என்று எதிரே உட்கார்ந்திருக்கலாம். யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் இன்றுவரை போகவில்லை.