சிவப்பு வள்ளம் போட்ட பைகள்

பதிவுச் சான்றிதழ் வந்தபோது அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். அதற்கு முன் எங்கள் வீட்டில் சுவரேறிய கடதாசி என் பட்டம் மட்டும்தான். குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. அப்பா மீன்பிடிக்கப் போகும் சிவப்பு வள்ளத்தின் படம் இனி எங்கள் கருவாட்டின் வியாபாரக் குறி. வேறு யாரும் அதைப் போட முடியாது என்று வீட்டாருக்கு விளங்கப்படுத்தினேன்.

சில மாதங்களில், எங்கள் கருவாட்டை வாங்கி விற்கும் கொழும்புக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்க சிவப்பு வள்ளத்துல ஒரே மண்ணு. சனம் திருப்பிக் கொண்டு வருது."

படமும் அனுப்பியிருந்தார். பை எங்களுடையது. உள்ளே கிடந்தது சூடைக் கருவாடு. நாங்கள் கட்டா மீன் மட்டுமே காயவைக்கிறோம்.

மன்னாரில் சட்டத்தரணியின் கந்தோருக்குச் சான்றிதழின் பிரதியோடு போனேன். அவர் படத்தைப் பார்த்தார்.

"பை கள்ளமா அடிச்சதோ?"

"இல்லை, எங்கட பைதான்."

"அப்ப மற்ற ஆக்களின்ர கைக்கு எப்படிப் போனது?"

அங்கிருந்தே அம்மாவுக்குக் கூப்பிட்டேன்.

"நான்தான் குடுத்தனான், பிள்ளை. பக்கத்து வீட்டு மாமி பை முடிஞ்சுதெண்டு வந்தவ. உப்புக் கேட்டால் குடுக்கிறேல்லையே? வெறும் பைதானே."

"வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"கேட்ட ஆக்களுக்கெல்லாம்."

சட்டத்தரணி பேனையை மூடினார். "நீங்களே குடுத்துப்போட்டு ஆரோட வழக்காடுறது? முதல்ல குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ. பை வாங்கின ஆக்களுக்கு எழுத்தில அறிவியுங்கோ."

கடிதத்தை நானே எழுதினேன். மாமிக்கு வாசிக்கத் தெரியாது. முற்றத்தில் நின்று நானே வாசித்துக் காட்டவும் வேண்டியிருந்தது. 'சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"கேட்டியளே, எனக்குக் கோட்டு வாசல் காட்டப் போறாவாம்! என்ர மகளின்ர வெள்ளைச் சட்டையைப் போட்டெல்லோ நீ பள்ளிக்கூடம் போனனீ? அப்ப நான் உனக்குக் கடதாசி தந்தனானோ?"

பிறகு குரல் இறங்கியது. "மழையில ஒண்டும் காயேல்லை, பிள்ளை. கொழும்பு லொறி வந்து நிண்டது. மண்ணைத் தட்டவும் நேரமில்லை."

நான் கடிதத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் கடைக்காரர் திரும்பவும் கூப்பிட்டார். இந்த முறை அவர் கோபப்படவில்லை.

"உங்க கட்டா நல்லது, தங்கச்சி. அந்த வள்ளப் படம்தான் வேணாம். வெறும் பையில போட்டு அனுப்புங்க. நாங்க எங்க லேபலை ஒட்டுறம்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? அப்பாவிடம் சொன்னபோது அவர் வள்ளத்துக்குப் பூச வாங்கிவைத்திருந்த சிவப்புப் பெயின்ற் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு வள்ளப் பைகள் இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கின்றன. கேட்டு வருகிறவர்களுக்கு அம்மா கொடுக்கிறார். இப்போது கொடுக்குமுன் என் முகத்தைப் பார்க்கிறார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.