ஹாலில் ஓடிய வெந்நீர்

கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் ஓடுகிற வீட்டில் பிளம்பர் வேலை என்பது, பாதி நேரம் தரையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் வீடு வாங்கி மாட்டிக்கொண்ட மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா? போன குளிர்காலத்தில் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வெறுங்கால் சோதனை

கார்த்திக் என்ற ஐ.டி. பையன் கூப்பிட்டான். ஹாலில் ஒரு இடத்தில் மட்டும் டைல்ஸ் சுடுகிறதாம். வீட்டுக்குள் ஷூவோடு நடமாடுகிறவர்களாக இருந்தால் மாசக்கணக்கில் தெரிந்திருக்காது. நம் ஆட்கள் வாசலிலேயே கழற்றிவிடுவதால் தப்பித்தார்கள். கையை வைத்ததுமே புரிந்துவிட்டது, அடியில் வெந்நீர்க் குழாய் லீக்.

அந்தச் சூட்டின் மேல் துண்டை விரித்து கார்த்திக்கின் அப்பா உட்கார்ந்திருந்தார். திருச்சிக்காரர், மூட்டுவலி வேறு. குளிர் தாங்காமல், மார்ச்சில் ஊருக்குத் திரும்ப இருந்த டிக்கெட்டை முன்னாடியே மாற்றச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவர், இந்த இடம் கிடைத்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாராம். இப்படியே விட்டால் தரை இறங்கிவிடும் என்று எடுத்துச் சொன்னேன். மனசில்லாமல் எழுந்தார். "இந்த வீட்டுல எனக்குப் பிடிச்சதே இந்த ரிப்பேர் ஒண்ணுதான் தம்பி."

சாமி தலைக்கு மேலே

லீக் ஆகிற இடம் சரியாக, ஹாலை ஒட்டின பூஜை அலமாரிக்குக் கீழே. உடைக்க வேண்டும் என்றதும் கார்த்திக்கின் மனைவி வித்யாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சரி, பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு, கூரைக்கு அடியில் அட்டிக் வழியாகப் புது லைன் இழுக்கலாம் என்றேன். சீலிங்கைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். "அட்டிக் ஓகே அண்ணா. ஆனா சாமி தலைக்கு மேல பாத்ரூம் லைன் மட்டும் போகக் கூடாது."

ஆறிப்போன டைல்ஸ்

சாமியைச் சுற்றி வளைத்து லைனைப் போட்டு முடித்தேன். மறுநாளே ஹால் ஜில்லென்று ஆகிவிட்டது. அங்கிள் துண்டை மடித்து வைத்துவிட்டு, "டிக்கெட்டைப் பாரு" என்று மட்டும் சொன்னாராம். போனில் கார்த்திக்கின் குரலே இறங்கியிருந்தது. "அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகல. அங்க தனியா என்ன பண்ணுவார் அண்ணா?" எனக்கு மனசு கேட்கவில்லை. போட்டு முடித்த கான்கிரீட்டுக்குள் இனி குழாய் பதிக்க முடியாது, ஆனால் அதற்கு மேலே பதிக்கலாமே. ஜன்னலோரம் உட்காருகிற உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, உள்ளே குழாயை வளைத்து வளைத்து விட்டு, தனியாக ஒரு குட்டி ஹீட்டரில் இணைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து எட்டிப் பார்க்கப் போனேன். மேடையில் கார்த்திக் லேப்டாப்போடு, வித்யா காபியோடு, பேத்தி ஹோம்வொர்க்கோடு. அங்கிள் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குறை சொல்கிற மாதிரி ஆரம்பித்தார், முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் ரெண்டு அடி நீட்டிக் கட்டுங்க தம்பி. மார்ச் வரைக்கும் இருக்கணும்னா எனக்கும் உட்கார இடம் வேணுமே."

லீக்கை அடைக்கப் போய், வீட்டுக்காரங்க அத்தனை பேரையும் ஒரே இடத்தில் அடைத்துவிட்டு வந்த பிளம்பர் டெக்சாஸிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.