பஸ் போர்டில் படித்த கன்னடம்

அப்போது நான் பள்ளிக்கூட வேனில் ஆயா. டிரைவர் வேலையை விட்டுப் போனதும் மேனேஜர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, வண்டிய உங்களுக்கே தர்றேன்" என்றார். ஸ்டீயரிங் பிடிக்க எனக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் அதற்கு முன்னால் பாஸாக வேண்டிய எல்.எல்.ஆர். பரீட்சை மேல்தான். கம்ப்யூட்டரில் கேள்வி வரும். கன்னடத்தில் வரும், இல்லை இங்கிலீஷில் வரும். எனக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

பேச்சு வேறு. பிறந்து வளர்ந்ததே பெங்களூர். கன்னடத்தில் பேரம் பேசுவேன், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டையும் போடுவேன். எழுத்தைக் காட்டினால்தான் திருதிருவென்று முழிப்பேன். முதல் தடவை படம் போட்ட கேள்விகளை மட்டும் தட்டிவிட்டு ஃபெயிலாகி வந்தேன்.

டிரைவிங் ஸ்கூல்காரர் சமாதானம் சொன்னார். "அக்கா, அடுத்த தடவ நான் பக்கத்துல நிக்கிறேன். ஜாடை காட்டறேன், நீங்க தட்டுங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிப் பாஸாகி, ரோட்டில் பலகையைப் பார்த்து முழிக்கவா? அதுவும் வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு? "வேணாம்ணா, நானே படிச்சுக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "இந்த வயசுல இதெல்லாம் பேகா உனக்கு?"

"பேகே பேகு" என்றேன். வேண்டும் என்றால் வேண்டும்தான்.

இத்தனை வருஷமும் நம்பரைப் பார்த்துத்தான் பஸ் ஏறியிருந்தேன். எந்த நம்பர் எங்கே போகும் என்பது எனக்கு அத்துப்படி. அப்படியென்றால் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியுமே. சாயங்காலங்களில் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். பனசங்கரி வண்டி வந்தால் முதல் எழுத்து 'ப'. மல்லேஸ்வரம் வண்டியில் ஓர் எழுத்தின் காலடியில் இன்னொன்று தொங்கும், அது 'ல்லே'. வண்டி கிளம்புவதற்குள் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்ப்பேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கென்ன.

மறுபடி பரீட்சைக்குப் போனபோது டிரைவிங் ஸ்கூல்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பனசங்கரியின் 'ப', மல்லேஸ்வரத்தின் 'ல'... 'பலக்கே'. அட, வலது பக்கம். வாய் எழுத்தைக் கூட்டியதும் காது அர்த்தத்தைச் சொல்லிவிட்டது. பேச்சாக அது எனக்குள் எப்போதோ இருந்ததுதானே. சில கேள்விகள் நான் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து ஓடிப்போயின. கடைசியில் திரையில் வந்த சொல்லையும் நானேதான் படித்தேன். பாஸ்.

"யாருக்கா சொல்லிக் குடுத்தது?" என்று வாசலில் அவர் கேட்டார்.

"பஸ்ஸுங்கதான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வேன் சாவி என் கைக்கு வர இன்னும் சில மாதமானது. ஆனால் எனக்கு மறக்காதது பாஸான அந்தச் சாயங்காலம்தான். வீட்டுக்குப் போக வந்த பஸ்ஸின் நம்பரை நான் பார்க்கவே இல்லை. போர்டைப் படித்துவிட்டு ஏறினேன்.