தசராவன்று நாற்காலி போடும் வீடு

லோத்குண்டாவில் நான் பதினோரு வருஷம் சமையல் செய்த வீட்டுக்காரர் ஒரு ராஜா. ராஜ்யம் இருந்திருந்தால் ராஜா என்று சொல்ல வேண்டும். தெலுங்குப் பக்கம், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் ஒரு சின்ன சமஸ்தானத்தை அவருடைய தாத்தா ஆண்டிருக்கிறார். கவர்மெண்டு அதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு பிறந்தவர் இவர். பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். தொரா என்று நாங்கள் கூப்பிடுவோம். கேஸ் சிலிண்டர் வந்தால் அவரே உருட்டிக்கொண்டு வருவார்.

நகரத்தின் இன்னொரு மூலையில், கச்சிபௌலியில், அவருடைய சித்தப்பா மகன் இருக்கிறார். அவரும் நான்தான் ராஜா என்பார். கேஸ் போட்டுச் சண்டை பிடிக்க அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? யார் ராஜா என்பது தசரா சாயங்காலம்தான் தெரியும். பழைய சமஸ்தானத்து ஊர்க்காரர்கள் ஜம்மி இலை கொண்டுவருவார்கள். நாம் வன்னி என்கிறோமே, அதுதான். அன்றைக்கு அந்த இலைக்குத் தங்கம் என்று பெயர். அதை ராஜாவின் கையில் வைக்க வேண்டும். வைத்தது ஆம்பளை என்றால் அவர் எழுந்து கட்டிப்பிடிப்பார். பொம்பளை என்றால் இரண்டு கையையும் அவள் தலையில் வைப்பார். அதற்குப் பிறகுதான் அவர் நமக்கு ராஜா, நாம் அவர் ஆள். அதுவரைக்கும் அது வெறும் இலைதான்.

நான் வேலைக்குப் போன முதல் தசராவுக்கு வாசல் கொள்ளாமல் செருப்பு. சமையல்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்புறம் கச்சிபௌலிக்காரர் ஹால் எடுத்து, ஊருக்கு வேன் அனுப்பி, பிரியாணி போட ஆரம்பித்தார். இங்கே வருஷா வருஷம் ஆள் குறைந்தது. கடைசியில் தப்பு அடிக்கிற ஒரு கிழவர் மட்டும் பஸ் பிடித்து வருவார். ஒரு வருஷம் அவரும் முழங்கால் முடியவில்லை என்று போன் பண்ணிவிட்டார்.

அந்த வருஷமும் தொரா நாலு மணிக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, நாற்காலியை வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குள் ஒன்று இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கை ஒரே ஒரு தரம் என் தலையில் வந்தால் எப்படி இருக்கும் என்று. என் புருஷன் செத்துப்போன பிறகு என் தலையில் யாரும் கை வைத்ததில்லை. எங்கள் மாதா கோவிலில் சாமியார்கூடத் தூரத்திலிருந்தே ஆசீர்வாதம் கொடுத்துவிடுவார். நானோ அவர் ஊர்க்காரி இல்லை, வேதக்காரி வேறு. ஆனாலும் அன்றைக்குக் காலையில் வேலைக்கு வரும்போது மிலிட்டரி காம்பவுண்டை ஒட்டி நிற்கும் ஜம்மி மரத்தில் ஒரு கொத்து ஒடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

ஐந்து மணி ஆயிற்று. ஆறு ஆயிற்று.

"போதும், எழுந்திருங்க," என்றார் அம்மா. அவருடைய சம்சாரம். அவர்கள் பேசுவது தெலுங்கு, நான் நம் பேச்சில் எழுதுகிறேன். "உங்க பிரஜைங்க எல்லாம் கச்சிபௌலியில கோழிக்கால் கடிச்சிக்கிட்டு இருக்காங்க. அந்த டிராபிக்க தாண்டி நாளைக்குத்தான் வருவாங்க."

"இன்னும் வெளிச்சம் இருக்கு," என்றார் தொரா.

"தாத்தாவோட ராஜ்யம் போயிடிச்சு. இந்த நாற்காலிய எப்ப ஜப்தி பண்ணுவாங்களோ!"

அவர் சிரித்தார். வாசலை விட்டுக் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை அவிழ்த்துக்கொண்டு போய் அந்த இலையை அவர் கையில் வைத்துவிட்டேன்.

இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, முறைப்படி மெல்ல எழுந்து நின்றார். இலையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். அவ்வளவு பக்கத்தில் நான் அவர் முன்னால் நின்றதே இல்லை. என் மேலெல்லாம் தாளித்த வாசனை. உடம்பு கூசிப் போயிற்று.

"அடுப்புல..." என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"அய்யய்யோ! இருந்த ஒரே பிரஜையும் ஓடிப்போச்சே!" அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓடல. வேலை இருக்கு, போயிருக்கு," என்றார் தொரா.

கூப்பிடுவார் என்று திரைக்குப் பின்னால் காத்து நின்றேன். ராஜா கூப்பிடக்கூடாது, வருகிறவர்கள்தான் தானாக வரவேண்டும், அது அவர்கள் வழக்கம். பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். போகவில்லை. நன்றாக இருட்டிய பிறகு நாற்காலியை அவரே சுவரோரம் தள்ளிப் போட்டார்.

சாப்பாடு போடும்போது நான் நிமிரவில்லை.

"அடுத்த வருஷம் நிதானமா வாம்மா," என்றார்.

அடுத்த தசரா வரை அவர் இருக்கவில்லை. உடம்பை ஊருக்குக் கொண்டுபோக நாலு வேன் வந்தது. கச்சிபௌலிக்காரரே முன்னால் நின்று, அழுத கண்ணோடு, ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊர் ஜனத்துக்கே இடம் போதவில்லை. நானும் போய் வேன் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க அண்ணனோட ஆளாம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கை என் தலைக்கு வரவே இல்லையே.

"சமையல்," என்றேன்.

"அப்ப வீட்டப் பாத்துக்கங்கம்மா," என்றார்.

வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெயின் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.