நல்ல இடத்துக் கார்ட்ரிட்ஜ்

புதுச்சத்திரம் சென்னியப்பன் ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்கிறவர். அவர் சேர்த்துவைத்த ஜோடிகள் இருநூறைத் தாண்டும். பிரிந்த ஜோடிகளை அவர் எண்ணுவதில்லை. அதற்குக் கிரகங்கள் பொறுப்பு. சண்டை என்று வந்து நிற்பவர்களுக்கு அவரிடம் ஒரே மருந்துதான்: “கொஞ்ச நாள் போனா அனுசரிச்சுக்குமுங்க.”

அறுபது வயதில் அவருக்கு இசைத்தட்டு ஆசை வந்தது. தட்டில் ஓடும் ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். அது தரும் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் பெட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டும் நல்ல இடம் என்பதில் அவருக்குப் பரம திருப்தி. வளர்பிறை முகூர்த்தம் பார்த்து இணைத்து, தட்டைச் சுழலவிட்டார். பாட்டு கொசுவைப் போல முனகியது. இரைச்சல் மட்டும் ஊரைக் கூட்டியது.

அஸ்தம்பட்டியில் ஆடியோ கடை வைத்திருக்கும் தனப்பிரியாவை வரவழைத்தார். அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டுமே ஒசத்திதானுங்க. ஆனா இந்தக் கார்ட்ரிட்ஜ் ரொம்ப மெதுவாப் பேசும். இந்தப் பெட்டிக்குப் பத்து மடங்கு சத்தமாப் பேசுற கார்ட்ரிட்ஜ் வேணும். ஒண்ணுக்கொண்ணு சேராதுங்க.”

“ரெண்டும் நல்ல எடமாச்சே சாமி! கொஞ்ச நாள் போனா அனுசரிச்சுக்காதா?”

தனப்பிரியா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

“எங்கல்யாணத்துலயும் இதையேதானுங்க சொன்னீங்க. நானு மூணு வருசம் அனுசரிச்சுப் பாத்தனுங்க. இது மெஷினுங்க. மொத நாளே சொல்லிப்போடுச்சு.”

சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.