சந்திரமதி விட்ட வேலை

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் பழகியவர்கள் சந்திரமதியை இன்னும் 'பஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பேருந்து ஓட்டுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஓட்டிய காலத்தில் இரட்டை மாடி வண்டியை அடைமழையிலும் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்துவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வேலைக்கு உலை வைத்தது வயிறு. விடியற்காலையில் பேருந்து முனையத்துக் கடையில் இரண்டு பரோட்டா, ஒரு கோப்பைத் தேநீர் சாப்பிட்டு வண்டியை எடுப்பாள். பாதி வழியில் வயிறு உப்பிப் பிசையத் தொடங்கும். ஒருநாள் தாங்க முடியாமல், பயணிகளை அப்படியே உட்காரவைத்துவிட்டுப் பெட்ரோல் நிலையக் கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ஒருவர் கைத்தொலைபேசியில் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். புகார் மேலிடம்வரை போனது.

பார்த்த மருத்துவர்கள் முதலில் கேஸ்ட்ரிக் என்றார்கள். பிறகு மன அழுத்தம் என்றார்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கி விழுங்கி அவளுக்கு நாக்கே கசந்துபோனது.

"எல்லாம் டென்ஷன்தான் மதி. வேலைய விட்டுடு, சரியாப் போயிடும்," என்றான் அவள் கணவன் அசோக். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை அவனுக்கு. அவள் விட்டாள். லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடை கல்லாவில் உட்கார்ந்தாள். வயிறு சரியாகவில்லை. சோறுதான் வாயு என்று யாரோ சொல்ல, அசோக் இரவில் அவளுக்காகச் சப்பாத்தி வாங்கி வரத் தொடங்கினான்.

போன வருடம் மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அவள் வயதுக்கு மீறித் தேய்ந்திருப்பதைப் பார்த்த மருத்துவர் ரோஷினி, அவளிடம் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் கேட்டார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கு எடுத்தும் பார்த்தார்கள்.

"சீலியாக்தான் ஆன்ட்டி, கன்ஃபர்ம். கோதுமை உள்ள போனா உங்க உடம்பே உங்க குடலத் தாக்குது. சாப்பிட்ட சத்து ஒட்டாம ரத்தமும் எலும்பும் கெட்டுடுது. நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப வராதுன்னு யாரும் டெஸ்ட் பண்ணாம விட்டுட்டாங்க."

"அப்ப இது டென்ஷன் இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி."

"அப்பவும் இல்லையா? பஸ் ஓட்டுனப்ப?"

"அப்பவும் இல்ல."

பக்கத்தில் இருந்த அசோக் தலையைக் குனிந்துகொண்டான். மருந்து கிடையாது, கோதுமையை அறவே விடுவதுதான் வைத்தியம் என்றார் ரோஷினி.

விட்டும் ஒரு மாதம் உடம்பு தேறவில்லை. வீட்டில் இருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தவள், கடைசியில் பெருங்காய டப்பாவைக் கண்ணுக்கருகே கொண்டுபோனாள். அதிலும் கோதுமை மாவு கலந்திருந்தது. தினமும் சாம்பாரில் போட்டது அது. தூக்கி எறிந்தாள். அதன்பிறகு வயிறு அடங்கியது, முகத்தில் ரத்தம் ஏறியது.

உடம்பு தேறியதும் பழைய நிறுவனத்துக்குப் போனாள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் உடற்தகுதிச் சோதனையில், முறிந்து கூடிய மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அசோக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"நான்தான் விடச் சொன்னேன்," என்றான்.

"நீங்க சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்ல. வலிச்சது எனக்கு. அது பொய் வலி இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தும் ஊரு சொன்னதைக் கேட்டுக்கிட்டு என்னையே திட்டிக்கிட்டேன். அதுதாங்க ஆறமாட்டேங்குது."

அசோக் அரிசி களைய அடுக்களைக்குப் போனான். மறுநாள் அவள் வழக்கம்போல் புடவைக் கடைக்குக் கிளம்பினாள்.